பூட்டினேனா?

பாதிவழி:

இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. வீட்டை விட்டுக் கிளம்பி முந்நூறு நானூறு அடி நடந்திருப்பேன். தெருமுனை திரும்பும்போது கேள்வி வந்து நிற்கும்: பூட்டினேனா? கால் தானாக மெதுவாகும். சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன், சாவி இருக்கும். சாவி இருந்து என்ன பயன்? பூட்டாமல் வந்திருந்தாலும் அது அங்கேதான் இருந்திருக்கும். திரும்பி நடப்பேன். நான்கு தடவையும் கதவு பூட்டியேதான் இருந்தது.

மறதி என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நேற்றுத் திரும்பி நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எனக்கு நினைவு வராமல் இல்லை. சாவி நுழைவது, இரண்டாவது சுற்றில் லேசாகச் சிக்குவது, உடனே இடது கையால் கதவை என் பக்கம் இழுத்துப் பிடிப்பது, 'டக்' என்று விழுவது, எல்லாமே துல்லியமாக வருகிறது. அது இன்றைய 'டக்'கா, நேற்றையதா, போன மாதத்தையதா என்பதுதான் தெரியவில்லை. எல்லா நாளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே நாளாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். தெருமுனையில் நின்ற அந்த நேரத்தில், கதவு பூட்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியுமா, தெரியாதா? பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பூட்டியிருக்கிறது என்ற பக்கம்தான் கட்டியிருப்பேன். அது உண்மையாகவும் இருந்தது. இருந்தும் திரும்பி நடந்தேன். தெரிந்தவன் ஏன் திரும்பி நடக்கிறான்?


வெட்டிப்பேச்சு:

அண்ணே, போனோடு பேசுகிற பூட்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள். இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.


பாதிவழி:

யோசித்தேன். 'பூட்டப்பட்டது' என்று திரையில் வரும். அது இப்போதைய நிலையா, கடைசியாக இணைப்பு இருந்தபோதைய நிலையா என்று சந்தேகம் வரும். அதே 'டக்', வேறு பெட்டியில்.


குற்றியோ_மகனோ:

நல்ல கேள்வி. இந்திய அளவையியலில், அதாவது அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்கிற துறையில், இதற்கு நேரான ஒரு பழைய சண்டை இருக்கிறது.

நியாயம் என்ற தத்துவ மரபுக்காரர்கள் அறிவுக்கு நான்கு வழி சொல்வார்கள்: காட்சி (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), ஒப்பு (ஒப்பிட்டு அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்). நினைவு அந்தப் பட்டியலில் இல்லை. விட்டுப்போனதல்ல, வேண்டுமென்றே வெளியே நிறுத்தியது. நினைவு புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை, முன்பு பட்ட அனுபவம் விட்டுப்போன தடத்தைத்தான் மறுபடி காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வந்த ஒன்பதாம் நூற்றாண்டின் ஜயந்த பட்டர் இன்னும் ஒரு படி போய், நினைவு பொருளிலிருந்து பிறப்பதில்லை, அதுதான் அதன் குறை என்றார். நினைக்கிற நேரத்தில் பொருள் எதிரே இல்லையே.

உங்கள் தெருமுனையும் அதுதான். கதவு எதிரே இல்லை. உங்களிடம் இருப்பது தடம் மட்டும். திரும்பி நடந்தீர்களே, அது நினைவிலிருந்து காட்சிக்குப் போன நடை.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமண அளவையியலார் நினைவையும் அறிவுக்கு வழி என்றே சேர்த்துக்கொண்டார்கள். பகைவர் முகாமில் தோழர்கள் கிடைப்பது போல, எனக்கு இந்த இடத்தில் சமணர்களைத்தான் பிடிக்கிறது. நினைவைத் தள்ளிவிட்டால் தெருமுனை வரைக்கும்கூடப் போக முடியாது. வீடு எந்தப் பக்கம் என்பதும் நினைவுதானே?

என் பெயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மாலை மங்கலில் தூரத்தில் ஓர் உருவம் நிற்கிறது. கட்டையா, ஆளா? தொல்காப்பிய உரைகளில் ஐயத்துக்குக் காட்டும் உதாரணம் அதுதான், 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ'. அந்த ஐயத்துக்கு மருந்து எளிது. கிட்டே போய்ப் பார்த்தால் தீரும். பாதிவழியின் ஐயம் கிட்டே போனாலும் முழுக்கத் தீருவதில்லை. நாளைக்கு மறுபடி வரும்.


மூன்றாம்_வரி:

'தெரியுமா' என்ற கேள்விக்கு என் பதில்: தெரியாது. நம்பிக்கை சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

1948இல் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸல் ஓர் உதாரணம் சொன்னார். ஓடாத கடிகாரம் ஒன்றைப் பார்க்கிறீர்கள், அது ஓடுகிறது என்றே நினைக்கிறீர்கள். தற்செயலாக அந்த நேரத்தில் அது காட்டும் மணி சரியாகவே இருக்கிறது. உங்கள் நம்பிக்கை உண்மை, ஆனால் அதை அறிவு என்று சொல்ல மனம் வருவதில்லை. 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி மூன்றே பக்கத்தில் எழுதிய கட்டுரை இந்த மாதிரி உதாரணங்களை வைத்து, 'நியாயமான காரணமுள்ள உண்மை நம்பிக்கைதான் அறிவு' என்ற பழைய இலக்கணத்தையே உடைத்துவிட்டது.

பாதிவழியின் மனதில் வந்தது போன மாதத்து 'டக்' என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து இன்றைக்குப் பூட்டினேன் என்று நம்புகிறார். இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது. அவர் கையில் இருப்பது ஓடாத கடிகாரம்தான், தினமும் சரியான நேரத்தில் பார்க்கிறார்.


பாதிவழி:

இது எனக்கு ஒப்பவில்லை. ஓடாத கடிகாரம் சரியாக இருப்பது தற்செயல். நான் பூட்டுவது தற்செயல் இல்லை. வருடக்கணக்காகத் தினமும் பூட்டுகிறேன், அதனால்தான் இன்றும் பூட்டினேன். பழைய 'டக்'குகளின் குவியலே இன்றைய பூட்டுக்குக் காரணம் இல்லையா?


மூன்றாம்_வரி:

சரி, அந்த இடத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் அது நினைவு இல்லை, அனுமானம். 'வழக்கமாகப் பூட்டுகிறவன், ஆகவே இன்றும் பூட்டியிருப்பான்.' உங்களைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கூட இதே அனுமானத்தைச் செய்ய முடியும். உங்கள் வாழ்க்கையில் பத்து நிமிஷத்துக்கு முன் நடந்ததை அடுத்தவர் போல ஊகித்துத் தெரிந்துகொள்கிறீர்கள். அதுதான் உறுத்துகிறது போலிருக்கிறது.


கைப்பழக்கம்:

இங்கே யாரும் கையைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்தேன்.

நான் தட்டச்சு செய்து பிழைக்கிறவள். எந்த எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வராது. விரலைக் காற்றில் அசைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். தெரிந்தது விரலுக்கு, எனக்கில்லை. கேள்வி என்னிடம் வந்ததால் நான் போய் விரலைக் கேட்கிறேன்.

ஹென்றி மொலைசன் என்று ஒருவர் இருந்தார். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரண்டு பக்கத்திலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கை எதிர்ப்பக்கம் போகும். மூன்று நாள் பழகியதில் மொலைசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகச் செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

நாமும் தினமும் காலையில் கதவருகே கொஞ்சம் மொலைசன்தான். பூட்டுவது கைக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் நாம் எங்கோ இருக்கிறோம்: அலுவலகத்தில் யாருக்கு என்ன பதில் சொல்வது, மழை வருமா, போனில் சார்ஜ் இருக்கிறதா. பாதிவழி அண்ணா, நீங்கள் பூட்டியதை மறக்கவில்லை. பூட்டும்போது நீங்கள் அங்கே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படி மறக்க முடியும்?

அதனால் இதைக் குறையாக நினைக்க எனக்கு வரவில்லை. முதல் முதலாகச் சாவி கையில் கிடைத்த வயதில் ஒவ்வொரு பூட்டும் நினைவில் நின்றிருக்கும். நன்றாகப் பழகியதால்தான் நிற்கவில்லை.


வெட்டிப்பேச்சு:

'பார்க்காத ஒன்றை எப்படி மறக்க முடியும்.' இதைச் சொல்லித்தான் நான் தேர்வுகளில் தப்பிக்கப் பார்த்தேன்.


எதிர்க்கட்சி:

கைப்பழக்கம் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் சில நாள் மட்டும் சந்தேகம்? குப்பைத்தொட்டி மூடியை மூடினேனா என்று யாரும் பாதி வழியிலிருந்து திரும்புவதில்லை. அதையும் கைதான் செய்கிறது.

என்ன பறிபோகும் என்பதைப் பொறுத்தது இது. தத்துவவாதி கீத் டிரோஸ் 1992இல் கொடுத்த வங்கி உதாரணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை, வங்கியில் நீண்ட வரிசை. 'நாளை சனிக்கிழமையும் திறந்திருக்கும், இரண்டு வாரத்துக்கு முன் வந்தேனே, எனக்குத் தெரியும்' என்கிறார் கணவர். பணம் போடுவதில் அவசரமில்லை என்றால் அந்தப் பேச்சு சரிதான். அதே ஆள், அதே நினைவு, ஆனால் திங்களுக்குள் பணம் விழாவிட்டால் பெரிய சிக்கல் என்ற நிலையில், 'வங்கிகள் நேரத்தை மாற்றுவதுண்டே, உறுதியாகத் தெரியுமா?' என்று மனைவி கேட்கிறார். 'தெரியாது, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்' என்கிறார். அந்தப் பதிலும் சரிதான். சான்று மாறவில்லை. 'தெரியும்' என்ற சொல்லின் விலைதான் ஏறியது.

பாதிவழி, நீங்கள் திரும்பிய நான்கு நாளும் என்ன நாள்? எதிர்முனையில் இருக்கிற தபால்பெட்டி வரை போகும்போது திரும்பினீர்களா, வெளியூர் கிளம்பும்போதா?


பாதிவழி:

நினைத்துப் பார்த்தேன். நான்கில் இரண்டு நாள், ராத்திரி வெளியே தங்குகிற பயணம். ஒரு நாள் வீட்டில் அடுத்தவர் பொருள் ஒன்று இருந்தது. நான்காவது நாளுக்குக் காரணம் தெரியவில்லை. அன்றைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். அதுவாக இருக்குமோ? கதவைச் சாத்திய நினைவு இருக்கிறது, கொஞ்சம் பலமாகவே சாத்தினேன். பூட்டியதுதான் இல்லை.


குற்றியோ_மகனோ:

எதிர்க்கட்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து, பதினோராம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த நியாய மரபுக்காரர் உதயணர், சந்தேகத்துக்கு ஓர் எல்லை கட்டினார். எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம் என்பவரிடம் அவர் சொன்னதன் சாரம்: உன் செயலோடு முரண்படாத வரைதான் சந்தேகம் செல்லும். புகைக்கு நெருப்புதான் காரணமா என்று உண்மையாகவே சந்தேகிப்பவன், புகை வேண்டும்போது நெருப்பு மூட்டப் போகமாட்டான். போகிறாய் என்றால் உனக்குச் சந்தேகம் இல்லை, வாயில்தான் இருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் விடை எளிது. திரும்பி நடந்தால் சந்தேகம் உண்டு. மேலே நடந்தால் இல்லை.


பாதிவழி:

அது சரியில்லை ஐயா. சந்தேகத்தோடேயே மேலே நடந்த நாட்களும் உண்டு. வண்டிக்கு நேரமாகிவிட்டது, போனால் போகிறது என்று நடந்தேன். சாயங்காலம் வரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என் கால் நம்பியது, நான் நம்பவில்லை.


குற்றியோ_மகனோ:

மாட்டிக்கொண்டேன். உங்கள் பக்கம் ஒரு பெரிய துணை இருக்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் என்ற தத்துவவாதி உதயணரின் அதே செய்யுளை எடுத்துச் சில சொற்களை மட்டும் மாற்றி அவர் மேலேயே திருப்பிவிட்டார். முரண்பாடு இருக்கிறது என்றாலே சந்தேகமும் இருக்கிறது என்றுதானே பொருள், அப்புறம் முரண்பாடு எப்படிச் சந்தேகத்துக்கு எல்லையாகும் என்று. இருநூறு வருஷம் தள்ளி வந்து ஒருவர் செய்யுளைப் பிடுங்கி அவரையே அடிப்பது, இணையத்தில் மேற்கோள் போட்டு மடக்குவதைவிட எவ்வளவோ நேர்த்தி.


நிழல்பக்கம்:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றியது.

என் தங்கைக்கு இது இருக்கிறது. பாதிவழி சொல்கிற அளவில் இல்லை. அடுப்பின் கேஸ் குமிழ். கிளம்பும் முன் பார்ப்பாள், செருப்புப் போட்டபிறகு பார்ப்பாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்ப்பாள். குமிழின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பாள். மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூடியிருக்கிறதா என்று என்னைக் கேட்பாள். முதலில் சிரித்தோம். பிறகு கோபப்பட்டோம். இரண்டுமே தப்பு என்று தெரிந்துகொள்ள நாளாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் சந்தேகப் பித்து என்றே அழைத்தார்கள்.

நீங்கள் எல்லோரும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள்: போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று. 2003இல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நோய் எதுவும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்து, அணைத்து, சரிபார்க்கச் சொன்னார்கள். இன்னொரு குழு நடுவில் விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியாக எந்தக் குமிழ்களைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகச் சொன்னது. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக இருந்தது, அதன்மேல் நம்பிக்கையும் குறைந்திருந்தது. நினைவு கெடவில்லை. அதன் நிறம் போய்விட்டது.

ஒவ்வொரு தடவை போய்ப் பார்க்கும்போதும் பாதிவழி சொல்கிற குவியலில் இன்னொரு தாள் சேர்கிறது. தங்கைக்குச் சிகிச்சையில் சொல்லிக்கொடுத்தது உறுதிப்படுத்திக்கொள்வதை அல்ல. உறுதியில்லாமலே படியிறங்குவதை. முதல் நாள் படியின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'மூடியிருக்கு' என்று நான் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.


எதிர்க்கட்சி:

நன்றி நிழல்பக்கம். சொன்னதற்கு மேல் நான் எதையும் வாதமாக அடுக்கப் போவதில்லை.

தங்கை இப்போது எப்படி?


நிழல்பக்கம்:

படியிறங்குகிறாள். சில நாள் ஏறவும் செய்கிறாள்.


கைப்பழக்கம்:

நிழல்பக்கம் எழுதியதைப் படித்துவிட்டுத் தத்துவவாதி விட்கென்ஸ்டைனை மறுபடி எடுத்தேன். உறுதி என்பதைப் பற்றிய கடைசிக் குறிப்புகளை அவர் 1951 ஏப்ரல் 27 வரை எழுதினார். இரண்டு நாளில் இறந்துவிட்டார். அதில் வருகிற உவமை நம் இழைக்கென்றே செய்தது போல இருக்கிறது: கதவு திரும்ப வேண்டுமென்றால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். சில விஷயங்களைச் சந்தேகிக்காமல் விடுவதால்தான் மற்றவற்றைச் சந்தேகிக்கவே முடிகிறது.

இதுவரை அதைத் தர்க்கமாகத்தான் படித்திருந்தேன். குமிழின்மேல் விரலை வைத்துக்கொண்டு 'மூடியிருக்கிறதா' என்று கேட்கிறவரிடம் கீல் கழன்றிருக்கிறது. அவரிடம் இன்னும் ஒரு சான்றைக் கொடுப்பது, கீல் இல்லாத கதவை இன்னும் பலமாகத் தள்ளுவது போலத்தான்.


மூன்றாம்_வரி:

பாதிவழிக்கு ஒரு நடைமுறை யோசனை. இது நோய் அளவில் இல்லாதவர்களுக்கு மட்டும். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சமிக்ஞையைக் கையால் சுட்டிக்காட்டி வாயால் சொல்வார்கள். தனியாக இருக்கும்போதும் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994இல் சோதித்துப் பார்த்தபோது, சுட்டிச் சொன்னவர்களின் தவறுகள் பெருமளவு குறைந்திருந்தன. கைக்குப் போய்விட்ட வேலையைக் கொஞ்ச நேரத்துக்கு வாய் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பூட்டும்போது 'பூட்டியாச்சு' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.


பாதிவழி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். 'பூட்டியாச்சு' என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் அருமை. தெருமுனையில் என் குரலே காதில் கேட்டது. இரண்டாம் நாளும் பரவாயில்லை. நான்காம் நாள் அதே இடத்தில் கால் மெதுவானது: 'பூட்டியாச்சு' என்று சொன்னேனா?


வெட்டிப்பேச்சு:

அண்ணே, இப்போது வாயும் கைக்குப் போய்விட்டது. தினம் வேறு வார்த்தை சொல்லுங்கள். கண்ணில் முதலில் படுகிற பொருளின் பெயர். இன்றைக்குத் துடைப்பம், நாளைக்குச் செருப்பு. தேதி போட்ட மாதிரி.


கைப்பழக்கம்:

முதல் தடவையாக இவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.


பாதிவழி:

செய்து பார்த்தேன். இன்று காலை பூட்டும்போது ஜன்னல் வழியாகக் கண்ணில் பட்டதைச் சொன்னேன்: 'குடை.' தெருமுனை வந்தது. கேள்வியும் வந்தது. உடனே பதிலும் வந்தது, பளிச்சென்று: குடை, இன்றைக்கு, இடது கையில் பை, பூட்டினேன். கால் மெதுவாகவே இல்லை. இன்னும் நூறு அடி போயிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது.